திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் குறைந்தால், சென்னைக்குப் புதிதாக வருபவர் எங்கே தங்குவார்?

ஆகஸ்ட் வந்துவிட்டால் திருவல்லிக்கேணிக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். ஆகஸ்ட் 22 சென்னை தினம். அதையொட்டி காலை ஆறரை மணிக்கே தொப்பியும் கேமராவுமாகப் பாரம்பரிய நடைக் குழுக்கள் இறங்கும். பார்த்தசாரதி கோயில், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் இல்லம், பெரிய பள்ளிவாசல், கடற்கரைப் பக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ். கடைசியில் ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி. இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த வழியில் யாரும் நின்று பார்க்காத கட்டடங்கள் சில இருக்கின்றன. மூன்று மாடி, நான்கு மாடி. வெளிறிப்போன பெயின்ட். ஜன்னல் கம்பியில் காயும் துண்டு, பனியன். வாசலில் "ரூம் காலி" என்று ஒரு அட்டை. இவைதான் திருவல்லிக்கேணியின் பெயர்பெற்ற மேன்ஷன்கள்.

ஆங்கிலத்தில் மேன்ஷன் என்றால் மாளிகை. இங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. ஒரு இரும்புக் கட்டில், ஒரு ஃபேன், சட்டை மாட்ட சுவரில் நாலு ஆணி, வராந்தா கடைசியில் எல்லோருக்கும் பொதுவான குளியலறை. அறைக்கு இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர். யார் இந்தப் பெயரை முதலில் வைத்தாரோ, நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர்.

அந்த "ரூம் காலி" அட்டை ஒரு காலத்தில் இவ்வளவு நாள் தொங்காது. மாட்டிய அன்றே ஆள் வந்துவிடும். இப்போது சில மேன்ஷன்கள் ஏ.சி. பொருத்திய லாட்ஜ்களாகிவிட்டன. சில, சர்வீஸ் அபார்ட்மென்ட் ஆகிவிட்டன. சில இடிக்கப்பட்டு அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்திருக்கிறது. இதைப் பழைய கட்டடங்கள் போகும் கதையாக மட்டும் பார்த்தால் முக்கியமான விஷயம் நழுவிவிடும். வெளியூரிலிருந்து ஒரு பையுடன் சென்னைக்கு வரும் இளைஞர் முதல் ராத்திரி எங்கே படுப்பார் என்பதுதான் இங்கே கேள்வி.

கேள்வி கேட்காத வாடகை அறை

சென்னையில் வீடு தேடியவர்களுக்கு இந்த உரையாடல் மனப்பாடம். "பேச்சிலரா? சாரிங்க, ஃபேமிலிக்குத்தான் கொடுப்போம்." அதைத் தாண்டினால், "நீங்க வெஜ்ஜா?" அதையும் தாண்டினால், "சொந்த ஊரு எது, அங்கே எந்தத் தெரு?" கடைசிக் கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பெயரிலேயே மதம் தெரிந்துவிடும் என்பதால் சிலருக்கு அந்தக் கேள்வி வரை போக வேண்டிய அவசியமே வராது.

மேன்ஷன் மேனேஜர் பொதுவாக இதையெல்லாம் கேட்க மாட்டார். ஏதாவது ஒரு அடையாள அட்டை, ஒரு மாத அட்வான்ஸ், ராத்திரி எத்தனை மணிக்குள் வர வேண்டும், அயர்ன் பாக்ஸ் பயன்படுத்தக் கூடாது. அவ்வளவுதான். பேங்க் வேலைக்கு வந்தவர், சட்டம் படிக்க வந்தவர், அரசுத் தேர்வுக்குத் தயாராகிறவர், பத்திரிகையில் வேலை தேடுபவர், சினிமாவில் உதவி இயக்குநராகச் சேரக் காத்திருப்பவர் எல்லோரும் ஒரே வராந்தாவில் பக்கெட்டுடன் வரிசையில் நின்றார்கள். தருமபுரிக்காரருக்கும் தூத்துக்குடிக்காரருக்கும் அறையைப் பிரித்துக் கொடுத்தது மேனேஜரின் நோட்டுப் புத்தகம்தான். மாலையில் கால் மணி நேரம் நடந்தால் மெரினா. ஏ.சி. இல்லாத அறைக்கு மெரினாதான் ஏ.சி.

இதை ரொம்பவும் இனிப்பாகச் சொல்லக் கூடாது. மேன்ஷன் வாழ்க்கை சுகமானதல்ல. மூட்டைப்பூச்சி, லாரித் தண்ணீர், வெயில் காலத்தில் மொட்டை மாடியில் பாய் விரிக்க நடக்கும் சண்டை எல்லாம் அதில் அடக்கம். இன்னொன்று, இந்தக் கேள்வி கேட்காத கதவு ஆண்களுக்கு மட்டும்தான் திறந்தது. பெண்களுக்கு வாசல்படி வரைக்கும்கூட அனுமதி இல்லாத மேன்ஷன்கள் உண்டு. அக்காவோ அம்மாவோ ஊரிலிருந்து பார்க்க வந்தால் தெருவில் நின்றுதான் பேசிவிட்டுப் போக வேண்டும். ஊரிலிருந்து தனியாக வந்த பெண்ணுக்குத் திருவல்லிக்கேணி இதே மாதிரி ஒரு கதவைத் திறக்கவே இல்லை. கல்லூரி விடுதி, உறவினர் வீடு, பின்னர் வந்த லேடீஸ் ஹாஸ்டல்கள், இவைதான் அவருக்கு வழி.

மூன்று ஊர்கள் சேர்ந்த ஊர்

திருவல்லிக்கேணி சென்னையைவிடப் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி மதராசில் கால் வைத்தது 1639-ல். பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டே இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பேயாழ்வாரும் திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். அல்லி பூத்த கேணி என்பதால் அல்லிக்கேணி. முன்னால் "திரு" சேர்ந்தது, ஆங்கிலேயர் வாயில் அது ட்ரிப்ளிக்கேன் ஆனது. 1670-களில் கோல்கொண்டா ஆட்சியிடமிருந்து கம்பெனி இந்தக் கிராமத்தைப் பெற்றது.

இரண்டாவது ஊர் ஆற்காடு நவாபுடையது. நவாப் முகமது அலி வாலாஜா 1760-களில் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறினார். அவரை நம்பி வந்த அலுவலர்கள், அறிஞர்கள், வியாபாரிகள், படைவீரர்கள் சுற்றிலும் தங்கினார்கள். 1795-ல் பெரிய பள்ளிவாசல் எழுந்தது. உருது பேசும் தெருக்கள், ஜாம் பஜார் எல்லாம் அந்த வழியில் வந்தவை. காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் அடக்கம் செய்யப்பட்டதும் இந்தப் பள்ளிவாசல் வளாகத்தில்தான். பள்ளிவாசல் நிற்கும் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கு இப்போது அவர் பெயர்தான்.

கடைசி நவாப் 1855-ல் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி பட்டத்தை ரத்து செய்தது. அரண்மனை ஏலத்துக்கு வந்து அரசின் கைக்குப் போனது. இரண்டே ஆண்டுகளில், 1857 செப்டம்பர் 5-ல், சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. பிறகு அரண்மனையை ஒட்டிய கடற்கரைப் பகுதியில் செனட் ஹவுஸும் மாநிலக் கல்லூரியும் எழுந்தன. செனட் ஹவுஸைக் கட்டிய கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோல்ம், அரண்மனையின் சாயல் அதில் தெரியும்படி இந்தோ-சாரசனிக் பாணியில் கட்டினார்.

மூன்றாவது ஊர் அங்கிருந்து தொடங்குகிறது. கோயிலைச் சுற்றி ஒரு ஊர், பள்ளிவாசலைச் சுற்றி ஒரு ஊர், இந்த இரண்டுக்கும் நடுவில் வாடகைக்கு வந்தவர்களின் ஊர்.

தொடக்கத்தில் பல்கலைக்கழகம் பாடம் நடத்தும் இடமாகக்கூட இல்லை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும் அமைப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பட்டம்தான் அரசு வேலைக்கும் வக்கீல் தொழிலுக்கும் வாசல். படிக்க வந்த பிள்ளைகளுக்குக் கல்லூரிக்கு நடந்து போகிற தூரத்தில் தங்க இடம் தேவைப்பட்டது. பின்கட்டில் ஒரு அறையை ஒதுக்கிக் கொடுத்த வீடுகளுக்கு அது வருமானமானது. நாளடைவில் ஒரே வீட்டில் நாலைந்து குடும்பங்கள் இருக்கும் ஒண்டுக்குடித்தனமாக அது வளர்ந்தது. முற்றமும் திண்ணையும் வைத்துக் கட்டிய வீடுகள் தடுப்புச் சுவர்களால் நிறைந்தன. கடந்த நூற்றாண்டின் பின்பாதியில் அரசு அலுவலகங்களும் வங்கிகளும் பெருகப் பெருக, அதே வாடகைத் தொழில் மாடி கட்டி மேன்ஷன் ஆனது.

வாடகைக்கு வந்தவர்கள் என்ன செய்தார்கள்?

1878-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முதல் இந்திய நீதிபதியாக முத்துசுவாமி ஐயர் நியமிக்கப்பட்டபோது ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகள் அதை எதிர்த்து எழுதின. பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை இல்லையே என்று யோசித்தவர்கள் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள். இரண்டு பேர் ஆசிரியர்கள், நான்கு பேர் சட்டக் கல்லூரி மாணவர்கள். கடன் வாங்கிய 1 ரூபாய் 12 அணாவில் 80 பிரதி அச்சடித்தார்கள். அதுதான் தி இந்து.

1904-ல் இதே பகுதியில் நடுத்தர வர்க்கத்தினர் சேர்ந்து திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நியாயமான விலைக்கு மளிகை கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இந்தியாவின் நுகர்வோர் கூட்டுறவு வரலாற்றை யார் எழுதினாலும் முதல் பக்கங்களில் இந்தப் பெயர் வரும். டி.யு.சி.எஸ். என்றால் இன்றைக்கும் சென்னைக்காரர்களுக்குத் தெரியும்.

1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது, பட்டமே இல்லாத ஒரு துறைமுக அலுவலக குமாஸ்தாவுக்கு. உதவித்தொகை வந்ததும் ராமானுஜன் ஜார்ஜ் டவுனிலிருந்து வீட்டை மாற்றிக்கொண்டு வந்த இடம், திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெரு. நூலகத்துக்குப் பக்கம் என்பதைவிட ஒரு கணக்குப் பைத்தியத்துக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

பாரதியும் இங்கே வாடகைக்குத்தான் இருந்தார். கோயில் யானைச் சம்பவத்துக்குப் பின், 1921 செப்டம்பரில் அவர் கண்மூடிய வீட்டைப் பிற்பாடு அரசு நினைவில்லம் ஆக்கியது. சொந்த வீடு வைத்திருந்தவர்களைவிட வாடகைக்கு வந்துபோனவர்களால் பெயர்பெற்ற பேட்டை இது என்று சொன்னால் தப்பில்லை.

ஊர் எப்போதும் அமைதிப் பூங்காவாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1990-ல் விநாயகர் சதுர்த்தி ஊர்வலத்தின்போது ஐஸ் ஹவுஸ் மசூதி அருகே மோதல் வெடித்தது. அன்றிலிருந்து சதுர்த்தி வந்தால் இந்தத் தெருக்களில் போலீஸ் குவிப்பதும், ஊர்வலப் பாதைக்குக் கட்டுப்பாடு விதிப்பதும் வழக்கமாகிவிட்டது. அதே ஊரில் ரமலான் மாதம் முழுக்கப் பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களுக்கு உணவு பரிமாறுவது மயிலாப்பூரைச் சேர்ந்த சூஃபிதார் அறக்கட்டளை. பிரிவினையின்போது சிந்துப் பகுதியிலிருந்து அகதியாக வந்த ஒருவர் தொடங்கி வைத்தது அது. பல ஆண்டுகளாக நடக்கிறது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டியதில்லை.

இப்போது ஏன் ஆள் குறைகிறது?

முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. வேலை தெற்கே போய்விட்டது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபின் ஓ.எம்.ஆர். சாலை முழுக்க ஐ.டி. நிறுவனங்கள் வளர்ந்தன. சோழிங்கநல்லூரில் வேலை பார்ப்பவர் திருவல்லிக்கேணியில் தங்கி தினம் மூன்று மணி நேரத்தை டிராஃபிக்கில் விட மாட்டார். அங்கேயே வைஃபை, வாஷிங் மெஷின், மூன்று வேளைச் சாப்பாட்டுடன் பி.ஜி. விடுதிகள் வந்துவிட்டன.

2020 ஊரடங்கு அடுத்த அடி. மெஸ் மூடியாயிற்று, கையேந்தி பவன் இல்லை, அலுவலகம் இல்லை. அறையில் சமைக்க அனுமதியும் கிடையாது. பிறகு என்ன செய்வார்கள்? ஊருக்குக் கிளம்பினார்கள். போனவர்களில் பலர் மேன்ஷனுக்குத் திரும்பவில்லை. வீட்டிலிருந்தே வேலை என்ற புதுப் பழக்கம் வேறு சேர்ந்துகொண்டது. இதில் அறைகளோடு மாதாந்திரச் சாப்பாட்டு மெஸ்களும் அடிபட்டன. ஒரு மேன்ஷனை நம்பி ஒரு மெஸ், ஒரு டீக்கடை, ஒரு சலவைக்காரர், ஒரு பழைய புத்தகக் கடை என்று ஒரு சங்கிலியே இருக்கிறது. பாரதி சாலை நடைபாதையில் பழைய பாடப் புத்தகம் வாங்கி, படித்து முடித்ததும் அதே கடையில் திருப்பி விற்ற தலைமுறைகள் உண்டு.

மூன்றாவது, வரி. இது பலருக்குத் தெரியாத பகுதி, கொஞ்சம் கவனமாகப் பார்க்கலாம். முன்பு ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் வரை வாடகை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2022 ஜூலை 18-லிருந்து அந்த விலக்கு போனது. 12 சதவீதம் வரி வந்தது. விடுதி என்பது வீடா, ஹோட்டலா என்ற குழப்பம் தொடங்கியது அப்போதுதான். ஒருவர் ஒரு அறையில் மாதக்கணக்கில் குடியிருந்தால் அது வீடுதானே என்று விடுதி நடத்துபவர்கள் வாதாடினார்கள். 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சிலும் இறங்கி வந்தது. ஒரு ஆளுக்கு மாத வாடகை 20,000 ரூபாய்க்குள் இருந்து, தொடர்ந்து 90 நாட்களாவது தங்கினால் வரி இல்லை.

நல்ல செய்திதான். ஆனால் அந்த "90 நாட்கள்" என்ற சொல்லைப் பாருங்கள். இன்டர்வியூவுக்காக இரண்டு வாரம், பயிற்சி வகுப்புக்காக ஒரு மாதம், "வேலை கிடைக்கும் வரைக்கும்" என்று நாள் தெரியாமல் தங்குபவர்தான் மேன்ஷனின் அசல் வாடிக்கையாளர். கையில் காசு குறைவாக இருக்கும் அந்த ஆள்தான் சலுகைக்கு வெளியே நிற்கிறார்.

இதோடு 2022-ல் சென்னை மாநகராட்சி சொத்து வரியை உயர்த்தியது. பழைய மாநகராட்சி எல்லைக்குள் குடியிருப்புக் கட்டடங்களுக்கே பரப்பளவைப் பொறுத்து 50 முதல் 150 சதவீதம் வரை ஏறியது. மேன்ஷன் உரிமையாளர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். மாத வாடகைக்கு விட்டால் ஒரு கட்டிலுக்குச் சில ஆயிரம். அதே அறைக்கு ஏ.சி. போட்டு நாள் வாடகைக்கு விட்டால், சேப்பாக்கம் மைதானத்தில் மேட்ச் இருக்கும் வாரம் மட்டுமே நல்ல வசூல். ஓமந்தூரார் மருத்துவமனைக்கு வருகிற நோயாளிகளின் உறவினர்களுக்கும் பக்கத்தில் அறை தேவை. இடித்துக் கட்டினால் வரும் தொகை இன்னும் பெரியது. யாராக இருந்தாலும் யோசிக்கத்தான் செய்வார்கள்.

பல்கலைக்கழகமே தடுமாறும்போது

இந்தப் பேட்டையை உருவாக்கிய பல்கலைக்கழகம் என்ன நிலையில் இருக்கிறது? 2023 ஆகஸ்ட்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் நீண்ட காலம் முழுநேரத் துணைவேந்தர் இல்லாமல், பொறுப்புக் குழுவை வைத்தே நிர்வாகம் ஓடியது. துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா, மாநில அரசா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. நிலுவையில் இருந்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மே மாதமே துணைவேந்தர் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

பணப் பிரச்சினை தனிக் கதை. 2024 தொடக்கத்தில் வரி பாக்கி விவகாரத்தில் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது. ஓய்வுபெற்றவர்கள் பென்ஷனுக்காகப் போராட வேண்டி வந்தது.

இதற்கும் மேன்ஷன் அறைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பேராசிரியர் இடங்கள் நிரம்பாவிட்டால் ஆராய்ச்சி மாணவர்கள் எங்கிருந்து வருவார்கள்? பல்கலைக்கழகத்தின் வாசல் சுறுசுறுப்பாக இல்லையென்றால் பின்னால் உள்ள தெருக்களும் தூங்கத்தான் செய்யும். இன்றைக்குத் திருவல்லிக்கேணியில் புத்தகத்துடன் தங்கியிருக்கும் இளைஞர்களில் பலர் பல்கலைக்கழக மாணவர்கள் அல்ல, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். காலையில் டீ குடித்துவிட்டு அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகத்துக்கு நடந்து போய், மூடும்வரை உட்கார்ந்திருந்து திரும்புகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு எப்போது வரும் என்பதுதான் இப்போது இந்தப் பேட்டையின் பஞ்சாங்கம்.

பாரம்பரியச் சட்டம் காப்பாற்றாதா?

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே சட்டமன்றத்தில் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2024-ல். நடுவில் 12 வருடம். அதற்குமுன் 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம், நீதிபதி பத்மநாபன் குழு அடையாளம் காட்டிய 467 பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கச் சொன்னது.

நடப்பைப் பார்த்தால் ஒரு வரிசை தெரிகிறது. அரசுக் கட்டடம் என்றால் நிதி வருகிறது. 2012-ல் தீப்பிடித்த சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலும், பாழடைந்து கிடந்த ஹுமாயூன் மகாலும் பொதுப்பணித் துறையால் புதுப்பிக்கப்பட்டன. பெரிய மனிதர் வாழ்ந்த வீடு என்றால் நினைவில்லம் ஆகிறது. தேர்வீதியில் திண்ணையும் மரத்தூணுமாக நிற்கும் தனியார் வீட்டுக்கு என்ன கிடைக்கும்? ஓட்டை மாற்ற ஆள் கிடைக்காது, மரவேலைக்குத் தச்சர் கிடைக்க மாட்டார், அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரியாமல் வழக்கு. சில இடங்களில் அடிமனை கோயிலுடையது, மேலே உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது. கடைசியில் பில்டர் வருகிறார். குற்றம் சொல்ல ஒருவரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

மேன்ஷன்களோ எந்தப் பாரம்பரியப் பட்டியலிலும் வர வாய்ப்பே இல்லாத அழகு. அறுபது எழுபது வருடத்து சிமென்ட் பெட்டிகள். ஆனால் திருவல்லிக்கேணியின் குணம் என்று நாம் எதைக் கொண்டாடுகிறோமோ, அதில் பாதி அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருந்தது. சட்டத்தால் ஒரு தூணைக் காப்பாற்ற முடியும். நடந்து போகிற தூரத்தில் குறைந்த வாடகைக் கட்டில் ஒன்றைக் காப்பாற்ற இந்தச் சட்டத்தில் இடம் இல்லை.

அரசு விடுதி கட்டுகிறதே?

கட்டுகிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பிரம்மாண்ட வளாகம் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. வேலை பார்க்கும் பெண்களுக்குத் தோழி விடுதிகள் பல ஊர்களில் இருக்கின்றன. 2020-ல் ஒன்றிய அரசும் குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. மேன்ஷன் காலத்தில் விடுபட்ட பெண்களுக்கு இவற்றில் இடம் இருப்பது நல்ல மாற்றம்.

ஆனால் இவை பெரும்பாலும் கையில் வேலை இருப்பவருக்கானவை. தொழிற்சாலை வளாகம் அந்தத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு, தோழி விடுதி சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு. வேலை தேடி வரும் பையனுக்கோ பெண்ணுக்கோ நகரத்தின் நடுவில் எந்தத் திட்டத்தில் இடம்? ஏற்கனவே நிற்கிற, பாதி காலியாக இருக்கிற அறைகளைச் சரிசெய்ய உரிமையாளருக்குச் சொத்து வரியில் சலுகையோ குறைந்த வட்டிக் கடனோ கொடுத்து, பதிலுக்கு வாடகைக்கு ஒரு உச்சவரம்பு வைக்கலாம். புதிதாக விடுதி கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையாக இருக்காது. சில மாடிகளைப் பெண்களுக்கு ஒதுக்கச் சொல்லி நிபந்தனையும் போடலாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் நடந்த தீ விபத்தில் உயிர்கள் போயின. பழைய கட்டடம், குறுகிய படிக்கட்டு, ஒரே வாசல் என்ற அமைப்பு பல மேன்ஷன்களிலும் இருக்கிறது. தீயணைப்பு விதிகளைக் கறாராக அமல்படுத்தினால் செலவு கூடும், வாடகை ஏறும் அல்லது உரிமையாளர் மூடிவிட்டுப் போவார். அமல்படுத்தாவிட்டால் ஆபத்து. இதற்குச் சுலபமான விடை இல்லை. குறைந்த வாடகை என்பதற்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்லவும் முடியாது.

இப்போது அறை தேடுகிறீர்களா?

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. மேன்ஷனில் தங்குபவர் கையில் பெரும்பாலும் ஒரு ரசீது மட்டும்தான் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. நாளைக்கே காலி செய்யச் சொன்னால் காட்ட ஒரு காகிதம் வேண்டும். அதனால் அட்வான்ஸுக்கும் மாத வாடகைக்கும் தனித்தனி ரசீது கேட்டு வாங்குங்கள். காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், கரண்ட் பில் தனியா என்பதையும் அந்த ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். தங்கப்போவது 90 நாட்களுக்கு மேல் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஜி.எஸ்.டி. விலக்கு அதைப் பொறுத்தது. அறையைப் பார்க்கும்போது கட்டிலையும் ஃபேனையும் மட்டும் பார்த்துவிட்டு வராமல், இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா, மொட்டை மாடிக் கதவு பூட்டிக் கிடக்கிறதா என்று ஒரு நடை மேலே ஏறிப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதை மேனேஜரிடம் கேட்பதைவிட, வராந்தாவில் பக்கெட்டுடன் நிற்பவரிடம் கேட்பது நல்லது.